கடல் நேராக நின்ற படம்

2024ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் பதினெட்டாம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் மூன்று மணி இருபது நிமிடத்துக்கு நாங்கள் யாழ்ப்பாணக் கோட்டையின் அகழிப் பாலத்தில் கால் வைத்தோம். அம்மா முன்னே, அக்கா நடுவே, நான் பின்னே. நேரம் இவ்வளவு துல்லியமாக நினைவிருப்பதற்குக் காரணம் அம்மாதான். பாலத்தின் தொடக்கத்தில் நின்று என் மணிக்கட்டைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்தார்.

"மூண்டு இருபது. மூண்டரைக்கு அவையள் வந்திடுவினம். ஆரையும் தேடி வந்த ஆக்கள் மாதிரி நிக்கக்கூடாது. சும்மா உலாவுங்கோ."

அக்காவைப் பார்க்க ஒருவர் வருகிறார். நோர்வேயிலிருந்து மூன்று கிழமை விடுமுறையில் வந்தவர், செவ்வாய்க்கிழமை திரும்புகிறார். எங்கள் பக்கத்தில் இத்தகைய முதற்பார்வைகள் பெரும்பாலும் கோயில் வீதியிலேயே நடக்கும். பெண் வீட்டார் கும்பிட வருவார்கள். மாப்பிள்ளை வீட்டாரும் கும்பிட வருவார்கள். தேர்முட்டியடியில் தற்செயலாக எதிர்ப்படுவார்கள். ஒருவரையொருவர் அறிமுகம் செய்துகொள்ள மாட்டார்கள். பிடிக்காமற் போனால் எதுவும் நடக்கவில்லை என்றாகிவிடும். இரு குடும்பமும் சாமி கும்பிட்டு வீடு திரும்பியதோடு சரி. இந்த ஏற்பாட்டில் ஒரு கண்ணியம் இருக்கிறதென்று நான் நெடுநாள் நம்பியிருந்தேன்.

வெள்ளிக்கிழமை கோயிலில் என்றுதான் முதலில் முடிவாகியிருந்தது. வியாழன் மாலை அக்காவுக்குக் கோயிலுக்குப் போகமுடியாத நாட்கள் தொடங்கிவிட்டன. இந்தச் சம்பந்தத்தைக் கொண்டு வந்தவர் யாழ்ப்பாணத்தில் இருக்கும் மாமி, அப்பாவின் தங்கை. அவர் தொலைபேசியில் ஒரு கணம்கூடத் தயங்கவில்லை.

"அப்ப கோட்டைக்கு வாங்கோவன். அங்கை துடக்குமில்லை ஒண்டுமில்லை. ஞாயிறு பின்னேரம் ஊரே அங்கைதான் நிக்கும்." தான் வரப்போவதில்லை என்றும் சொன்னார். "நான் வந்து நிண்டா எல்லாருக்கும் விளங்கிப்போடும்."

அப்பா கடையை விட்டு வரமுடியாது என்றார். உண்மையில் இப்படியான இடங்களில் எந்த முகத்தை வைத்துக்கொள்வதென்று அவருக்குத் தெரியாது.

சாவகச்சேரியிலிருந்து வந்த பஸ்ஸில் அக்கா யன்னலோரம் அமர்ந்திருந்தாள். நாவற்குழிப் பாலத்தைக் கடக்கும்போது, வெளியே பார்த்தபடியே என்னிடம் சொன்னாள்:

"எடி, நான் நிமிந்து பாக்கமாட்டன். எனக்கு ஏலாது. நீ வடிவாப் பாத்துச் சொல்லு."

"நான் என்னத்தைப் பாக்கிறது அக்கா?"

"புத்தகத்திலை ஒரு வரியைத் திருப்பித் திருப்பிப் பாப்பாயெல்லே, அப்பிடிப் பார். நீ கூட்டியும் சொல்லமாட்டாய், குறைச்சும் சொல்லமாட்டாய்."

அவள் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. முப்பது குழந்தைகளை ஒரு பார்வையால் அமரவைக்கிறவள், தன் வாழ்க்கையைப் பார்ப்பதற்கு என் கண்களைக் கேட்டாள். அன்று மாலைக்குள் பதில் சொல்லவேண்டும். 'ஓம்' என்றால் ஆவணிக்குள் அவள் எங்கள் வீட்டில் இருக்கமாட்டாள். இதை நான் முழுமையாக உணர்ந்திருந்தேன். ஆகவே மாமி அம்மாவின் தொலைபேசிக்கு அனுப்பியிருந்த படத்தை மறுபடியும் திறந்து பார்த்தேன். அந்தப் படத்தில் மனிதரை விடப் பனியே அதிகம். புருவம் வரை இறங்கிய கம்பளித் தொப்பி, கறுப்புக் கண்ணாடி, அடர்ந்த தாடி. எஞ்சியது ஒரு மூக்கு மாத்திரம்.

பாலத்தைத் தாண்டி, வளைந்த கல்வாயிலின் நிழலுக்குள் நுழைந்தோம். வெளியே வீதியின் இரைச்சல் இருந்தது. சில அடி நடந்ததும் அது நின்றது; ஒரு கதவு சாத்தப்பட்டது போலல்ல, ஒரு நினைவு மெல்ல விலகியது போல. மறுமுனையில் வெளிச்சம் நிறைந்த ஒரு பெரும் வெளி விரிந்தது. புல்லும், வெயிலும், இடிந்தும் இடியாமலும் நிற்கும் சுவர்களும். அந்தச் சுவர்கள் முருகைக் கற்களால் ஆனவை. அருகே சென்றால் கல்லுக்குள் சிறு சிப்பிகளும், பூக்கள் போன்ற கடல் உயிர்களின் தடங்களும் தெரியும். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் கடலைத் தடுப்பதற்குக் கடலின் உடலையே வெட்டி அடுக்கியிருக்கிறார்கள். சிறுவயதில் பள்ளிச் சுற்றுலாவில் வந்தபோது இதைக் கவனித்திருக்கவில்லை. அன்று கவனித்தேன். அன்று எல்லாவற்றையும் கவனிக்கவேண்டும் என்ற கட்டளையோடு வந்திருந்தேன்.

வேப்பமர நிழலில் ஒரு வாங்கு கிடந்தது. அதில் அம்மாவின் வயதையொத்த ஒரு பெண்மணி மடியில் பையோடு அமர்ந்திருந்தார். அம்மா அவரருகே அமர்ந்தார்.

"எனக்கு முழங்கால் ஏலாது. நீங்கள் ரெண்டு பேரும் ஒரு சுத்துச் சுத்திக்கொண்டு வாங்கோ."

அக்கா தன் கரும்பச்சைக் குடையை விரித்தாள். அதை வெயிலுக்கென்று யாரும் நம்பியிருக்கலாம். குடையின் விளிம்பு அவளுடைய மூக்குவரை இறங்கியது. நான் அவளுடைய முழங்கையைப் பிடித்து, மதிலின் மேலே ஏறும் சரிவில் அழைத்துச் சென்றேன்.

மேலே காற்று இருந்தது. தெற்கே பண்ணைக் கடல், ஆழமற்ற நீருக்கேயுரிய வெளிறிய பச்சையில் அசையாமல் கிடந்தது. மீன்பிடிக் களங்கட்டி வலைகளின் கம்புகள் நீரில் வரிசையாக நின்றன. கிழக்கே குருநகர்ப் பக்கம் சில படகுகள். மேற்கே தீவுகளுக்குச் செல்லும் வீதி நீரின்மேல் ஒரு கோடாக நீண்டு, அதில் ஓடிய பஸ் ஒன்று ஒலியின்றி ஊர்ந்தது. இவ்வளவு வெளிச்சத்தில் பொருட்கள் தங்கள் எடையை இழந்துவிடுகின்றன. நாங்களும் இழந்திருந்தோம். இரண்டு சகோதரிகள் ஒரு குடையின் கீழ், ஐந்து மூலைகளைக் கொண்ட ஒரு கனவின் விளிம்பில் நடந்துகொண்டிருந்தோம் என்றுதான் இப்போது தோன்றுகிறது.

அப்போதுதான் அவரைக் கண்டேன்.

மதிலின் அடுத்த மூலையில் தனியே நின்றார். தாடி. கண்ணாடி. வெள்ளைச் சேட்டு. செருப்பைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். சூடான கல்லில் வெறுங்காலோடு நடந்தார்.

"நிக்கிறார்," என்றேன்.

குடை நின்றது. "எங்கை?"

"மூலையிலை. தனிய. கடலைப் பாத்துக்கொண்டு நிக்கிறார்."

"எங்களைப் பாக்கேல்லையே?"

"இல்லை."

"அது நல்லது," என்றாள் அக்கா. பார்க்க வந்தவர் பார்க்காமல் நிற்பதை அவள் மரியாதை என்று எடுத்துக்கொண்டாள். நானும் அப்படியே எடுத்துக்கொண்டேன்.

அவர் கீழே இறங்கினார். நாங்களும் சற்று இடைவெளி விட்டு இறங்கினோம். இடிந்த மாளிகை ஒன்றின் பின்புறம், ஒரு காலத்தில் தோட்டம் இருந்திருக்கவேண்டிய இடம் இருக்கிறது. முழங்கால் உயரக் கல்வரம்புகள் நீள்சதுரமாக ஓடுகின்றன. அவற்றுக்குள் யார் என்ன நட்டார்கள் என்பதை அறியும் வழி எனக்குத் தெரியவில்லை. கடல் கடந்து வந்த ஏதோவொரு பெண், தன் நாட்டுப் பூ ஒன்று இந்த உப்புக் காற்றில் பிடிக்குமா என்று காலையில் எழுந்துவந்து பார்த்திருக்கக்கூடும். இப்போது அந்த வரம்புகளுக்குள் நித்தியகல்யாணி தன்பாட்டில் பூத்திருந்தது. ஓரமாக அண்மையில் நட்ட செவ்வரத்தைக் கன்றுகள் சில. அவற்றில் ஒன்று முற்றாகத் துவண்டிருந்தது.

அவர் அந்தக் கன்றின் முன் குந்தியிருந்தார். தன் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து, விரல்களைக் குவித்து, அந்த விரல்களின் வழியாகத் தண்ணீரை மெல்ல வேரடியில் விட்டார். மண் கரைந்து ஓடிவிடாதபடி. போத்தலில் மிஞ்சியதைக் குடிக்கவில்லை, அதையும் ஊற்றினார். பிறகு எழுந்து, சுவரிலிருந்து உதிர்ந்து கிடந்த ஒரு சிப்பியை எடுத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, எடுத்த இடத்திலேயே வைத்தார்.

நான் கண்டதைக் கண்டபடியே அக்காவுக்குச் சொன்னேன். விரல்களைக் குவித்ததையும் சொன்னேன்.

குடை மேலே உயர்ந்தது. அன்று முதற்தடவையாக அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவர் முதுகைக் காட்டி நின்றார். ஈரமான கையைச் சேட்டில் துடைத்தார். அவள் பார்த்தது அவ்வளவுதான். ஆனால் அவளுடைய முகத்தில் நான் முன்பு கண்டிராத ஓர் அமைதி வந்து அமர்ந்தது. நித்தியகல்யாணிகளின் மேல் வண்ணத்துப்பூச்சிகள் தாழப் பறந்தன. தூரத்தில் கச்சான் கடலை விற்பவர் மணி அடித்தார். அந்தச் சில நிமிடங்கள் நீண்டன. இரு நூற்றாண்டுகள் தள்ளியும் அந்தக் கல்வரம்பருகே யாரோ இப்படி நின்றுகொண்டிருப்பார்கள் என்று நினைத்தேன்.

"தங்கச்சி, எங்களை ஒரு படம் எடுத்துத் தருவீங்களோ?"

திரும்பினேன். கோடு போட்ட சேட்டு அணிந்த ஒருவர் தொலைபேசியை நீட்டினார். அவருக்குப் பின்னால் ஒரு பெண்ணும், அவருடைய இரு சிறுபிள்ளைகளும் மதிலின் சரிவில் ஏறி நின்றார்கள்.

"கடலும் விழவேணும்," என்றார்.

மறுக்க முடியவில்லை. நாங்கள் அவர்களோடு மீண்டும் மேலே ஏறினோம். நான் தொலைபேசியை வாங்கினேன். எனக்கு ஒரு பழக்கம் உண்டு: படத்தில் கடல் சரிந்து கிடந்தால் தாங்கமுடியாது. நீரின் விளிம்பு திரையின் விளிம்போடு ஒத்து நிற்கும்வரை கையைத் திருத்திக்கொண்டே இருந்தேன். உள்ளுக்குள் எரிச்சலாகவும் இருந்தது. தோட்டத்தில் நின்றவர் இதற்குள் போய்விடுவாரே.

அக்கா அருகே நின்றாள். அந்நியர்கள் முன்னிலையில் மரியாதைக்காகவோ என்னவோ, குடையை மடக்கப் போனாள்.

"மடக்காதேங்கோ," என்றார் கோடு போட்ட சேட்டுக்காரர். "வெயில் இன்னும் இறங்கேல்லை. சுடும்."

குடை முன்னையதை விடத் தாழ்ந்தது. நான் சில படங்களை எடுத்து, தொலைபேசியைக் கொடுத்துவிட்டு, நன்றியை முழுமையாகக் கேட்காமலே அக்காவைக் கீழே அழைத்து வந்தேன். தோட்டத்தில் ஒருவரும் இல்லை. கன்றடியில் மண் மட்டும் கறுத்து ஈரமாக இருந்தது.

வெயில் மஞ்சளாகும் வரை நாங்கள் அந்த வரம்பில் அமர்ந்திருந்தோம். ஒருதடவை மாத்திரம் அக்கா கேட்டாள்: "போத்தல் முழுக்க ஊத்தினவரோ?"

"ஓம். முழுக்க."

அம்மாவை அழைத்துக்கொண்டு வெளியே வந்தோம். பஸ் நிலையத்தில், சாவகச்சேரி பஸ் வருவதற்கு முன்பே, அக்கா அம்மாவின் காதருகே குனிந்து, "எனக்கு ஓம்," என்றாள். அம்மா அவளுடைய கன்னத்தைத் தொட்டார். உடனே தொலைபேசியை எடுத்து மாமிக்கு அறிவித்தார். அந்தப் பக்கத்திலிருந்து மாமி மகிழ்ச்சியில் கத்தியது எங்களுக்கும் கேட்டது. மாமி மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொல்லி முடித்திருப்பார், நாங்கள் இருக்கை பிடித்து அமர்வதற்குள்.

பஸ் நிறைந்திருந்தது. அம்மா எங்களுக்கு முன் இருக்கையில் இருந்து திரும்பி, குரலைத் தாழ்த்தி, ஆனால் மனநிறைவோடு சொன்னார்:

"பொடியன் கெட்டிக்காரன்தான். படம் எடுத்துத் தாங்கோ எண்டு சாட்டோடை வந்து கதைச்சானே."

அக்காவின் கை என் கையைத் தேடி வந்தது.

"ஆர் அம்மா?" என்று கேட்டேன்.

"ஆரோ? மாப்பிள்ளைதான். கோடு போட்ட சேட்டு. தாயின்ரை சொல்லைக் கேட்டுத் தாடியையும் எடுத்துப்போட்டான். அந்த மனுசியோடைதானே நான் வாங்கிலை இருந்து கதைச்சனான். ரெண்டு பேருக்கும் தெரியும், ரெண்டு பேரும் தெரியாத மாதிரி முருங்கைக்காய் விலை கதைச்சம்." அம்மா தன் நடிப்பை நினைத்துச் சிரித்தார். "தமக்கையும் பிள்ளையளும் வந்து நிண்டவை. நல்ல சனம்."

பஸ்ஸில் வைத்து அம்மாவிடம் சொல்ல முடியாது. சுற்றிலும் ஊர்க்காரர்கள். நாவற்குழிப் பாலத்தில் பஸ் ஏறியபோது நீர் சிவந்திருந்தது. அக்கா அதைப் பார்க்காமல் கண்களை மூடிக்கொண்டாள்.

வீட்டில், அம்மா புட்டுக்குத் தேங்காய் திருவிக்கொண்டிருக்கும்போது அக்கா சொன்னாள். சுற்றிவளைக்காமல் சொன்னாள்.

"அம்மா, நான் அவரைப் பாக்கேல்லை."

திருவலை நின்றது. நான் குறுக்கிட்டு, தாடி வைத்தவரையும், செவ்வரத்தைக் கன்றையும், போத்தலையும் வரிசையாக விளக்கினேன். விளக்க விளக்க, அது எவ்வளவு சிறிய விடயம் என்பது எனக்கே தெரிந்தது.

"விசர்க் கதை," என்றார் அம்மா. "ஓம் எண்டு சொல்லியாச்சு. இனி நான் என்னெண்டு மாத்திச் சொல்லுறது?"

"மாத்தச் சொல்லேல்லை. பாக்கேல்லை எண்டு சொல்லச் சொல்லுறன்."

"ரெண்டு மணித்தியாலம் கோட்டையிலை நிண்டு அப்ப என்னத்தைப் பாத்தனீங்கள் எண்டு கேப்பினம். வேறை ஒரு ஆம்பிளையைப் பாத்தனாங்கள் எண்டு சொல்லட்டோ?"

முன்னறையில் பத்திரிகைக்குப் பின்னால் அப்பா இருமினார். அது இருமல் அல்ல, சிரிப்பு. அம்மாவுக்கும் தெரிந்தது.

"நீங்கள் பேசாமல் இருங்கோ. வரச் சொன்னா வராத ஆள்."

"கத்தரிக்காயைக்கூடப் பிரட்டிப் பிரட்டிப் பாத்துத்தானே வாங்குறனீங்கள் அம்மா," என்றாள் அக்கா.

"வாங்கின கத்தரிக்காயை ஒருத்தரும் திருப்பிக் கொண்டு போய்ப் பாக்கிறேல்லை பிள்ளை."

அக்கா எழுந்து கிணற்றடிக்குப் போனாள். நானும் போனேன். வாழையிலைகள் காற்றில் உரசின. அவள் அழவில்லை. கிணற்றுக் கட்டில் அமர்ந்து, நிதானமாகப் பேசினாள்.

"அந்தத் தாடிக்காரர் ஆரெண்டே எனக்குத் தெரியாது. அவரை நான் நினைச்சுக்கொண்டு இருக்கேல்லை. ஆனா நான் ஓம் எண்டு சொன்னது அவருக்கு. அதை எடுத்து இன்னொருவருக்குக் குடுத்துப்போட்டு எப்பிடிப் பிளேன் ஏறுறது?"

"மற்றவரைப் பற்றி உனக்கு ஒண்டுமே ஞாபகம் இல்லையோ?"

"நீதானே அவரைப் பாத்து நிண்டனீ. நீ சொல்லு."

நான் முயன்றேன். சேட்டின் கோடுகள் நீலம். சிறுபிள்ளை ஒன்றின் தலையில் அவருடைய கை இருந்தது. அதற்கு மேல் என் நினைவில் ஒரு கடல் மாத்திரம் நின்றது, மிக நேராக. முகம் இல்லை. ஒரு வரியையும் தவறவிடாதவள் என்று நம்பி அவள் என்னை அழைத்துச் சென்றாள். நான் அவருக்குப் பின்னாலிருந்த நீரை வாசித்திருக்கிறேன்.

அக்கா வாழைகளின் பக்கம் திரும்பினாள்.

"குரல் கேட்டது," என்றாள். "சுடும் எண்டு சொன்னார். எனக்கு அந்தக் குரல் பிழையாத் தெரியேல்லை. ஆனா குரல் காணாது."

"திரும்பப் பாக்கப் போறியோ?"

"பாக்கவேணும். நேரை. கதைச்சு. அதுக்குப் பிறகு ஓமோ இல்லையோ, அது என்ரை சொல்லா இருக்கும்." பிறகு, மிகச் சிறிய குரலில், "அம்மா கேக்கமாட்டா. மாமி சத்தம் போடுவா. எனக்கெண்டா கேக்க வராது," என்றாள்.

என்னை அறிந்தவர்களுக்குத் தெரியும், நான் அந்நியர்களோடு தொலைபேசியில் பேசுகிறவள் அல்ல. விரிவுரையாளரிடம் சந்தேகம் கேட்பதற்குக்கூட எழுதித்தான் அனுப்புவேன். ஆனால் பார்க்கும் வேலை என்னிடம் தரப்பட்டது, அது இன்னும் முடியவில்லை.

மறுநாட் காலை, அக்கா பள்ளிக்குப் போகப் பின்னலை முடிந்துகொண்டிருந்தாள். அம்மா முற்றத்தில் சாமிக்குப் பூ ஆய்ந்துகொண்டிருந்தார். முதல்நாள் மாலைக்குப் பிறகு அவர் எங்களோடு பேசவில்லை. ஆனால் தன் தொலைபேசியை, வழக்கத்துக்கு மாறாக, என் மேசையில் விட்டுப் போயிருந்தார். மாமி அனுப்பிய பனிப்படத்தின் கீழே இலக்கம் இருந்தது. அழுத்தினேன்.

"வணக்கம். நான்... நேற்று கோட்டையிலை உங்களைப் படம் எடுத்த ஆள்."

"ஓ," என்றார். நித்திரைக் கலக்கம் குரலில் இருந்தது. "அந்தப் படமோ. கடல் எண்டா நூல் பிடிச்ச மாதிரி நேரா நிக்குது. எனக்குத்தான் அரைத் தலை இல்லை."

மன்னிப்புக் கேட்டேன். பிறகு, ஒத்திகை பார்த்திருந்த வாக்கியங்கள் அனைத்தும் மறந்துபோக, "அக்கா உங்களைப் பாக்கேல்லை," என்றேன். "பனிப்படத்திலை தாடி இருந்தது. தாடி வைச்ச இன்னொராளை நாங்கள் நீங்களெண்டு நினைச்சுப்போட்டம். ஓம் எண்டு சொன்னது அதாலைதான். அவ உங்களை நேரை பாத்துக் கதைக்கவேணும் எண்டு சொல்லுறா. பிறகுதான் பதில் சொல்லுவா. அது இல்லை எண்டும் வரலாம்."

அந்தப் பக்கம் எங்கோ ஒரு குழந்தை பால் கேட்டு அழுதது.

"உண்மையைச் சொல்லப்போனா," என்றார், "நானும் அவவைப் பாக்கேல்லை. குடையைத்தான் பாத்தனான். வீட்டிலை கேட்டினம், பிடிச்சிருக்கோ எண்டு. என்னெண்டு சொல்லுறது, பச்சைக் குடை எனக்குப் பிடிச்சிருக்கு எண்டோ?"

"மடக்க வேண்டாம் எண்டு சொன்னது நீங்கள்தானே அண்ணை."

"வெயில் சுட்டதெல்லே," என்றார்.

நாலு மணிக்கு, கோட்டையில், தோட்டத்து வரம்படியில் என்று முடிவாயிற்று. தற்செயலாக அல்ல. அக்கா வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். செருப்பை மாட்டி, சைக்கிளைத் திருப்பினாள்.

அவளுடைய பை கரியரில் இருந்தது. நான் போய் அதைத் திறந்து, பச்சைக் குடையை வெளியே எடுத்து, கதவுக்குப் பின்னால் உள்ள ஆணியில் கொழுவினேன்.